செபியா: பழுப்பு கடைசியில்தான் வரும்

செபியா என்னும் பழுப்புச் சாயல் படங்கள் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். போட்டோஷாப், இலவச மென்பொருளான கிம்ப் இரண்டையும் வைத்தே வழி சொல்லியிருக்கிறோம். போட்டோஷாப் வாங்க இயலாதவர்கள் பிரவுசரிலேயே இயங்கும் போட்டோபியாவைத் திறந்துகொள்ளலாம். அதன் மெனுக்கள் பெரும்பாலும் போட்டோஷாப்பைப் போலவே இருக்கும்.

கேள்வி: எந்த மென்பொருளிலும் ‘செபியா’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் படம் டீத்தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. பழைய ஆல்பங்களில் பார்க்கிற அந்த அழுத்தம் வரவே இல்லை. என்ன காரணம்?
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: பொத்தான், வெள்ளைச் சட்டை முதல் கறுப்புக் குடை வரை எல்லாவற்றின் மீதும் ஒரே பழுப்பை ஏற்றிவிடுகிறது. இருட்டறையில் நடந்தது வேறு.

கறுப்பு வெள்ளை பிரிண்டில் கறுப்பாகத் தெரிவது நுண்ணிய வெள்ளித் துகள்கள். பிரிண்டை முதலில் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் பொட்டாசியம் புரோமைடும் கலந்த கரைசலில் வெளுக்க விடுவார்கள். பிறகு சோடியம் சல்ஃபைடு கரைசலில் போடுவார்கள். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வேலை இது. அந்த நாற்றத்துக்குப் பயந்தே பின்னாளில் பலர் தயோயூரியாவுக்கு மாறினார்கள். வெளுத்த இடம் வெள்ளி சல்ஃபைடாக மாறித் திரும்பி வரும். அதன் நிறம்தான் செபியா. வெள்ளியைவிட வெள்ளி சல்ஃபைடு காற்றின் மாசைத் தாங்கி நிற்கும் என்பதால், அழகுக்காக மட்டுமல்லாமல் பிரிண்டின் ஆயுளுக்காகவும் இதைச் செய்தார்கள்.

இதிலிருந்து நமக்குத் தேவையான இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. வெள்ளி இல்லாத இடத்தில் நிறமும் இல்லை, ஆகவே தாளின் வெண்மை வெண்மையாகவே நின்றது. அடுத்து, வெளுக்கும் கரைசல் வெளிச்சப் பகுதிகளைத்தான் முதலில் பிடிக்கும், அடர்ந்த நிழல்களைக் கடைசியில்தான் தொடும். பிரிண்டைச் சற்று முன்னதாகவே வெளியே எடுத்தால் கன்னமும் சுவரும் பழுப்பாக மாறியிருக்கும், தலைமுடியும் கோட்டும் நல்ல கறுப்பாகவே இருக்கும். நீங்கள் தேடும் அழுத்தம் அந்தக் கறுப்பில் இருக்கிறது.

ஆகவே முதலில் நல்ல கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைத் தயாரியுங்கள். நிறத்தைக் கடைசியில், கொஞ்சமாகக் கொடுங்கள். எளிய வழி கர்வ்ஸ், அதாவது ஒரு கோட்டை வளைத்து வெளிச்ச அளவுகளை மாற்றும் கருவி. கறுப்பு வெள்ளையாக்கிய ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்கள் கொண்ட) படத்தில் கர்வ்ஸைத் திறந்து, சேனல் வாரியாக நடுவில் ஒரே ஒரு புள்ளி வையுங்கள். சிவப்பு சேனலில் 128-ஐ 148-க்கு ஏற்றுங்கள். பச்சையில் 128-ஐ 122-க்கு இறக்குங்கள். நீலத்தில் 128-ஐ 94-க்கு இறக்குங்கள். இரு முனைகளையும் (0 கறுப்பு, 255 வெள்ளை) தொடாதீர்கள். கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் நிற்க, இடைப்பட்டவை மட்டும் பழுப்பாகும்.

பாதி வெளுத்து எடுத்த பிரிண்டின் தோற்றம் வேண்டுமானால் போட்டோஷாப்போடு வரும் கேமரா ராவில் ‘கலர் கிரேடிங்’ பகுதிக்குப் போங்கள். 2020-க்கு முந்தைய பதிப்புகளில் இதன் பெயர் ‘ஸ்பிளிட் டோனிங்’. ஹைலைட்ஸுக்கு (வெளிச்சப் பகுதிகளுக்கு) ஹியூ (நிறம்) 40, சாச்சுரேஷன் (நிறத்தின் அடர்வு) 15 முதல் 20 வரை. ஷேடோஸின் (நிழல்களின்) சாச்சுரேஷன் 0.

கேள்வி: கிம்ப்பில் படிப்படியாகச் சொல்லுங்கள். எனக்குக் கர்வ்ஸ் திறந்தாலும் நிறம் மாறுவதே இல்லை.
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: நிறம் மாறாததற்குக் காரணம் உங்கள் படம் கிரேஸ்கேல் (சாம்பல் அளவு மட்டும் கொண்ட) முறையில் இருப்பதாகத்தான் இருக்கும். அந்த முறையில் உள்ள ஃபைலில் நிறத்தை வைக்கவே இடம் கிடையாது. ‘இமேஜ் > மோட்’ போய் ஆர்ஜிபி ஆக்குங்கள். ஜிஃப் படங்கள் இன்டெக்ஸ்டு முறையில் வரும், அவற்றுக்கும் இதே தீர்வு.

பிறகு ‘இமேஜ் > பிரிசிஷன்’ போய் 16 பிட் இன்டிஜர் தேர்ந்தெடுங்கள். ஏன் என்பதைக் கீழே இன்னொரு பதிலில் சொல்லியிருக்கிறோம். லேயரை (படத்தின் அடுக்கை) நகலெடுத்து நகலில் வேலை செய்யுங்கள், மூலப் படம் அடியில் பத்திரமாக இருக்கட்டும்.

‘கலர்ஸ் > டீசாச்சுரேட் > மோனோ மிக்சர்’ திறங்கள். மனித முகங்களுக்குச் சிவப்பு 0.40, பச்சை 0.45, நீலம் 0.15 என்று தொடங்கலாம். மூன்றின் கூட்டுத்தொகை 1 இருக்க வேண்டும். மீறினால் வெளிச்சப் பகுதிகள் வெந்துபோகும். அடுத்து லெவல்ஸ்: வரைபடம் தொடங்கும் இடத்துக்குக் கறுப்பு முக்கோணத்தையும், முடியும் இடத்துக்கு வெள்ளை முக்கோணத்தையும் நகர்த்துங்கள். இவ்வளவும் முடிந்து கறுப்பு வெள்ளையாகவே படம் மனசுக்குப் பிடித்த பிறகுதான் மேலே சொன்ன கர்வ்ஸ் எண்கள்.

‘கலர்ஸ் > டீசாச்சுரேட்’ மெனுவிலேயே செபியாவும் இருக்கிறது. அவசரத்துக்குப் பயன்படுத்தலாம், ஆனால் அதன் வலிமையை 1-லிருந்து 0.5 அளவுக்குக் குறைத்துவிடுங்கள்.

வேலையை கிம்ப்பின் சொந்த ஃபைல் வகையான எக்ஸ்சிஎஃப் ஆகச் சேமியுங்கள். ஜேபெக் வேண்டும்போது எக்ஸ்போர்ட் செய்யுங்கள், தரம் 92 அல்லது அதற்கு மேல்.

கேள்வி: எங்கள் ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பத்துக்கு நாலைந்து பக்கம் செபியாவில் கேட்கிறார்கள். அரக்குச் சேலையும் கரும்பச்சை ரவிக்கையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன, ஜரிகையும் தெரிவதில்லை. போட்டோஷாப்பில் என்ன செய்யலாம்?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் உடனே தெரியும். அரக்கு நிறத்தைச் சிவப்பு 180, பச்சை 25, நீலம் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். கரும்பச்சையை 20, 105, 60 என்று வையுங்கள். வழக்கமான கறுப்பு வெள்ளை மாற்றம் சிவப்பை 0.299, பச்சையை 0.587, நீலத்தை 0.114 ஆல் பெருக்கிக் கூட்டுகிறது. அரக்குக்கு 73 வருகிறது. கரும்பச்சைக்கு 74. கண்ணுக்கு எதிரெதிரான இரண்டு நிறங்கள் ஒரே சாம்பலில் போய் நிற்கின்றன. இதற்குமேல் எந்தப் பழுப்பை ஊற்றினாலும் சேலையும் ரவிக்கையும் பிரியப் போவதில்லை.

அதனால் டீசாச்சுரேட் கட்டளையைத் தொடாதீர்கள். ‘பிளாக் அண்ட் ஒயிட்’ அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போடுங்கள். அதில் ஆறு நிறங்களுக்கும் தனித்தனி ஸ்லைடர் உண்டு. ரெட்ஸ் 40-ல் இருக்கும், அதை 60 வரை ஏற்றினால் சேலை மேலே வரும். கிரீன்ஸை 25-க்கு இறக்கினால் ரவிக்கை கீழே போகும். ஜரிகை மஞ்சளில் வாழ்கிறது, எல்லோஸை 60-லிருந்து 80 வரை கொண்டுபோகலாம். பேனலில் உள்ள கை அடையாளத்தைத் தேர்ந்தெடுத்து, படத்தில் சேலை மீது வைத்து வலமோ இடமோ இழுத்தால் எந்த ஸ்லைடர் என்று யோசிக்காமலே சரியான ஸ்லைடர் நகரும்.

ஒரு எச்சரிக்கை. நம் தோலின் நிறம் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையில் இருக்கிறது. அந்த இரண்டையும் ஏற்றினால் முகமும் வெளுக்கும். மணமகளின் மாநிறத்தை வெளுப்பாக்கித் தரும் வேலை இதுவல்ல. சேலைக்கு ஒரு லேயர், முகத்துக்கு ஒரு லேயர் என்று இரண்டு போட்டு மாஸ்க் (லேயரின் வேண்டாத பகுதியை மறைக்கும் திரை) வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். ஸ்லைடர்களை மிகவும் தள்ளினால் இரண்டு நிறங்கள் சந்திக்கும் விளிம்பில் வெள்ளைக் கோடு விழும், நிழலில் பொரிப்பொரியாகப் புள்ளிகள் கிளம்பும். 100 சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டே அடுத்த படிக்குப் போங்கள்.

அதே லேயரில் ‘டின்ட்’ என்று ஒரு பெட்டி இருக்கிறது. ஆல்பத்துக்கு அது போதாது. அதற்குப் பதில் மேலே ஒரு கிரேடியன்ட் மேப் (சாம்பல் அளவுக்கு ஏற்ப நிறம் தரும்) லேயர் போட்டு மூன்று நிறங்கள் வையுங்கள்:

இடது முனையில் 30, 22, 16.
நடுவில், 50 சதவீத இடத்தில், 148, 122, 94.
வலது முனையில் 250, 244, 232.

நிழலில் சற்றே சிவப்புச் சாய்ந்த பழுப்பு, வெளிச்சத்தில் சற்றே மஞ்சள் சாய்ந்த பழுப்பு என்று நிறம் தானே நகர்ந்துகொண்டு போகும். ஒற்றைப் பழுப்பில் கிடைக்காத உயிர் இதனால்தான் வருகிறது. ஒபாசிட்டியை 60 முதல் 75 வரை வைத்துப் பாருங்கள். கறுப்பு வெளிறிவிட்டது என்று தோன்றினால் லேயரின் பிளெண்டிங் முறையை ‘கலர்’ ஆக்குங்கள். அடியிலுள்ள வெளிச்சமும் நிழலும் அப்படியே நிற்கும், நிறம் மட்டும் ஏறும்.

எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே பழுப்பு வேண்டுமென்றால் கிரேடியன்ட் மேப்பை மட்டும் ஆக்‌ஷனாக (திரும்ப ஓட்டக்கூடிய படிகளாக) பதிவு செய்து ‘ஃபைல் > ஸ்கிரிப்ட்ஸ் > இமேஜ் பிராசசர்’ வழியாக ஓட்டுங்கள். கறுப்பு வெள்ளை மாற்றத்தை அந்த ஆக்‌ஷனில் சேர்க்காதீர்கள், அது படத்துக்குப் படம் மாறும்.

கேள்வி: மணமகளின் பொட்டை மட்டும் சிவப்பாக விட முடியுமா?
— அதே வாசகர்

பதில்: முடியும். பிளாக் அண்ட் ஒயிட், கிரேடியன்ட் மேப் இரண்டு லேயர்களையும் ஒரு குரூப்பில் போட்டு, குரூப்புக்கு மாஸ்க் வைத்து, பொட்டின் மீது கறுப்புத் தூரிகையால் தடவுங்கள். தூரிகையின் ஓரம் மென்மையாக இருக்கட்டும். வாடிக்கையாளர் கேட்டால் ஒழிய நாங்கள் இதைப் பரிந்துரைக்க மாட்டோம். பார்ப்பவர் கண் பொட்டிலேயே நின்றுவிடும், முகத்துக்குப் போகாது.

கேள்வி: 1858-ல் எடுத்த தஞ்சைப் பெரிய கோயில் படங்களை இணையத்தில் பார்த்தேன். சாதாரண செபியாவாக இல்லை, கத்தரிப்பூ கலந்த பழுப்பு. வானம் வெறும் வெள்ளை. நான் எடுத்த கோயில் படத்துக்கு இந்தத் தோற்றம் தர முடியுமா?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: நீங்கள் பார்த்தவை லின்னேயஸ் டிரைப் எடுத்தவையாக இருக்க வேண்டும். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த ராணுவ அதிகாரி. மெழுகு ஏற்றிய காகிதத்தையே நெகட்டிவாகப் பயன்படுத்தினார். பிரிண்டுகளுக்குத் தங்க உப்புக் கரைசலில் நிறமேற்றினார்கள். அந்தத் தங்கம்தான் பழுப்பைக் கத்தரிப்பூ நிறத்தின் பக்கம் தள்ளுகிறது. சல்ஃபைடு செபியாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வெள்ளை வானத்துக்குக் காரணம் வேறு. அக்காலத்து வெள்ளி உப்புகள் நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே உணர்ந்தன. பெர்லினில் ஹெர்மன் ஃபோகல் 1873-ல் சாயம் சேர்த்துப் பச்சையையும் உணரவைக்கும் வழியைக் கண்டார். அதற்கு முந்தைய படங்களில் நீல வானம் முழு வெளிச்சமாகப் பதிந்து வெளுத்துப்போகும். செம்மண், செங்கல், இலை எல்லாம் உள்ளதைவிட இருண்டு நிற்கும்.

ஆகவே உங்கள் படத்தை நீலத்தின் கண்ணால் பார்க்க வேண்டும். மோனோ மிக்சரில் சிவப்பு 0, பச்சை 0.2, நீலம் 0.8. வானம் தானே வெளுக்கும், கோபுரத்தின் செம்பழுப்புக் கல் கனக்கும். முன்கூட்டியே ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: டிஜிட்டல் படத்தில் இரைச்சல் அதிகம் தங்குவது நீல சேனலில். ஜேபெக் சுருக்கமும் அங்கேதான் அதிகம் கட்டம் கட்டும். கைபேசி ஜேபெக்கை இப்படி மாற்றினால் வானத்தில் சதுரம் சதுரமாகத் தெரியும். ரா ஃபைல் (கேமரா ஜேபெக் ஆக்கும் முன் பதிந்த மூலப் பதிவு) இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். இல்லையென்றால் மாற்றும் முன்பே இரைச்சல் குறைப்பை மிதமாகக் கொடுங்கள்.

நிறத்துக்கு, முதல் பதிலில் கர்வ்ஸ் தந்த பழுப்பின் ஹியூவை ஏறக்குறைய 30-லிருந்து 15 பக்கம் இறக்குங்கள். நடுச் சாம்பலுக்கு 140, 118, 110 நல்ல தொடக்கம். காகித நெகட்டிவின் நார் கூர்மையைக் கொஞ்சம் தின்றுவிடும். 12 மெகாபிக்சல் படத்தில் 1 பிக்சல் காஸியன் பிளர் அதற்குப் போதும். கோயிலில் ஆட்கள் நடமாடும் படத்தை விட்டுவிட்டு வெறிச்சோடிய பிரகாரத்தைத் தேர்ந்தெடுங்கள். அன்றைய நீண்ட எக்ஸ்போஷரில் நடந்து போனவர்கள் கரைந்துபோனார்கள். கூர்மையாக நடக்கும் கால் ஒன்று தெரிந்தாலும் தோற்றம் கெட்டுவிடும்.

கேள்வி: எங்கள் அப்பத்தாவின் கல்யாணப் படம் பழுப்பாக மங்கி, மஞ்சள் கறை படிந்து, ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதைச் சுத்தம் செய்து நல்ல செபியாவாக ஆக்க ஆசை. எங்கிருந்து தொடங்க?
— ஒரு வாசகி, சிவகங்கை

பதில்: கண்ணாடியிலிருந்து பிரிக்க முயலாதீர்கள். ஈரத்தில் இளகிய ஜெலட்டின் படலம் கண்ணாடியில் காய்ந்து பிடித்திருக்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். துணியால் தேய்ப்பதும் வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுங்கள்.

ஸ்கேனர் சிசிடி வகையாக இருந்தால் கண்ணாடியின் தடிமனைத் தாண்டியும் ஓரளவு கூர்மையாகப் பிடிக்கும். மெல்லிய சிஐஎஸ் வகை ஸ்கேனரில் மங்கிவிடும். அப்போது கேமராதான் வழி: படத்தின் இரு பக்கமும் 45 பாகையில் சம அளவு விளக்கு, கேமரா நேர் எதிரே, அறையின் மற்ற விளக்குகள் அணைந்திருக்க வேண்டும். படத்தின் ஓரங்களில் நீலமாகப் பளபளக்கும் வெள்ளிப் படிவம் இருந்தால் ஸ்கேனர் அதை வெள்ளை மூட்டமாகக் காட்டும். கேமராவில் விளக்கின் கோணத்தை மாற்றி அதைத் தப்பிக்கலாம்.

ஸ்கேன் செய்தால் 600 டிபிஐ, முழு வண்ணம், டிஃப் ஃபைல். படம் கறுப்பு வெள்ளைதானே என்று கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்வதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் பிழை. கறையை நீக்கும் சாவி வண்ணத்தில்தான் இருக்கிறது. ஸ்கேனரின் தானியங்கித் திருத்தங்கள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

இப்போது சேனல்களைத் தனித்தனியே பாருங்கள். போட்டோஷாப்பில் சேனல்ஸ் பேனல், கிம்ப்பில் ‘கலர்ஸ் > காம்போனன்ட்ஸ் > டீகம்போஸ்’. மஞ்சள் கறை நீல ஒளியை விழுங்கும், சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். அதனால் நீல சேனலில் கறை கரியாகத் தெரியும், சிவப்பு சேனலில் ஏறக்குறைய மறைந்தே போயிருக்கும். இதற்கு நேர்மாறாக, வெளுத்துப்போன பழுப்பு உருவம் நீல சேனலில்தான் அழுத்தமாக இருக்கும். காது, மூக்குத்தி, சேலை மடிப்பு எல்லாம் சிவப்பில் காணாமல் போயிருந்தாலும் நீலத்தில் கிடைக்கும். கறை உள்ள இடத்துக்குச் சிவப்பு, கறையற்ற மங்கிய முகத்துக்கு நீலம் என்று இரண்டையும் இரு லேயர்களாக வைத்து மாஸ்க்கால் இணையுங்கள். இணைக்கும் முன் லெவல்ஸில் இரண்டின் அழுத்தத்தையும் சமன்படுத்துங்கள், இல்லாவிட்டால் தைத்த இடம் தெரியும். யாராவது நீல மையில் பெயர் எழுதியிருந்தால் அது நீல சேனலில் மங்கும்.

கீறல்களுக்கு ஹீலிங் தூரிகை. கீறலைவிடச் சற்றே பெரிய தூரிகை போதும். கண், உதடு, நகை விளிம்புகளில் ஹீலிங் பக்கத்து நிறத்தை இழுத்து அசடாக்கும். அங்கே குளோன் ஸ்டாம்ப் எடுங்கள். தெரியாத கண்ணைப் புதிதாக வரையாதீர்கள். முகத்தைத் தானே ‘மீட்டுத் தரும்’ செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் இந்தப் பிழையைத்தான் செய்கின்றன. கூர்மையாக வருவது உங்கள் அப்பத்தாவின் முகம் அல்ல, அவரைப் போன்ற வேறொருவர் முகம். மங்கலாக இருந்தாலும் அவர் முகமே இருக்கட்டும்.

இதெல்லாம் முடிந்த பின் முதல் பதிலில் சொன்ன கர்வ்ஸ். திருத்தாத ஸ்கேனை வேறொரு இடத்தில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நாளை இதைவிட நல்ல கருவி வரும்போது அதிலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும்.

கேள்வி: கல்லூரிப் பணிக்காக பைத்தானில் செபியா நிரல் எழுதினேன். இணையத்தில் எல்லோரும் தரும் 0.393, 0.769, 0.189 எண்களைத்தான் போட்டேன். வெள்ளைச் சட்டைகளில் நீலத் திட்டுகள் வருகின்றன. ஏன்?
— ஒரு மாணவர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் போட்ட எண்களைக் கூட்டிப் பாருங்கள். சிவப்பு வரிசை 0.393, 0.769, 0.189: மொத்தம் 1.351. பச்சை வரிசை 0.349, 0.686, 0.168: மொத்தம் 1.203. நீல வரிசை 0.272, 0.534, 0.131: மொத்தம் 0.937. தூய வெள்ளையில் (255) சிவப்பு 344 ஆகிறது, பச்சை 306 ஆகிறது. 8 பிட் அணியில் 255-க்கு மேல் இடமில்லை. வரம்பு வைக்காமல் மாற்றினால் பெரும்பாலும் 256-ஐக் கழித்த மிச்சம்தான் பதியும். சிவப்பு 88, பச்சை 50, நீலம் 238. அதுதான் உங்கள் நீலத் திட்டு. 8 பிட்டுக்கு மாற்றும் முன் 255-க்கு மேற்பட்டவற்றை 255-ல் நிறுத்துங்கள்.

படம் முழுவதுமே நீலச் சாயலாக வந்தால் காரணம் வேறு. ஓப்பன்சிவி படத்தை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் படிக்கும். உங்கள் அணி அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கும்.

வரம்பு வைத்தாலும் ஒரு குறை மிஞ்சும். 189-க்கு மேற்பட்ட சாம்பல் எல்லாவற்றுக்கும் சிவப்பு 255-லேயே நிற்கும், 212-க்கு மேல் பச்சையும் நின்றுவிடும். நடுச் சாம்பல் 128 கூட 173, 154, 120 ஆகிப் படம் வெளிறும். வேட்டியின் மடிப்பு, மல்லிகைப் பூவின் இதழ் எல்லாம் ஒரே வெள்ளையில் கரையும். இணையப் பக்கங்களில் பயன்படும் செபியா ஃபில்டருக்குள் இருப்பதும் இதே எண்கள்தான். இதைவிட நல்ல வழி: முதலில் சாம்பல் மதிப்பைக் கணக்கிடுங்கள், பிறகு 256 வரிசை கொண்ட பட்டியலில் அதற்குரிய நிறத்தை எடுங்கள். பட்டியலுக்கு 0-ல் 30, 22, 16. 128-ல் 148, 122, 94. 255-ல் 250, 244, 232 என்று வைத்து இடையில் நேர்கோடாக நிரப்புங்கள். பில்லோ நூலகத்தின் இமேஜ்ஆப்ஸ் பகுதியிலுள்ள ‘கலரைஸ்’ இந்த வேலையை ஒரே வரியில் செய்யும். அதற்குக் கறுப்பு, வெள்ளை, நடு நிறம் மூன்றையும் கொடுக்க வேண்டும்.

கேள்வி: திரையில் அருமையாக இருக்கும் செபியா, பிரிண்ட் போட்டால் பச்சையாகவோ ரோஸாகவோ வருகிறது. ஒரே ஃபைல், லேப் மாற்றினால் நிறமும் மாறுகிறது.
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: அடர்ந்த சிவப்பில் நிறம் சிறிது பிசகினால் கண் பொறுத்துக்கொள்ளும். சாம்பலுக்குப் பக்கத்திலுள்ள நிறத்தில் துளி பிசகினாலும் கண்டுபிடித்துவிடும். செபியா அப்படிப்பட்ட நிறம். அதனால்தான் வண்ணப் படத்தில் தெரியாத லேபின் குறை இதில் மட்டும் தெரிகிறது.

லேபுக்கு அனுப்பும் ஃபைல் எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அளவுமுறையில் இருக்கட்டும், புரொஃபைலை (அந்த அளவுமுறையின் விவரத்தை) ஃபைலோடு சேர்த்தே எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அடோப் ஆர்ஜிபியில் அனுப்பி, லேப் அதைக் கவனிக்காவிட்டால் நிறம் செத்துப்போகும். முழு ஆல்பத்தையும் கொடுக்கும் முன் ஒரே படத்தைச் சாச்சுரேஷன் 8, 12, 16, 20, 24 என்று ஐந்தாகச் செய்து, 4x6 தாள் ஒன்றில் பக்கம் பக்கமாக அடித்துப் பாருங்கள். 300 டிபிஐக்கு அந்தத் தாள் 1800-க்கு 1200 பிக்சல். தாளில் எப்போதும் திரையைவிட இருட்டாகத்தான் வரும். லெவல்ஸின் நடு முக்கோணத்தை 1.10 அல்லது 1.15 வரை ஏற்றிக்கொள்ளுங்கள். பிரிண்டைப் பகல் வெளிச்சத்திலும் பாருங்கள், அது தொங்கப் போகும் கூடத்தின் விளக்கிலும் பாருங்கள். வீட்டு இங்க்ஜெட்டில் மூன்று வண்ண மைகள் சேர்ந்து உருவாகும் பழுப்பு, விளக்குக்கு விளக்கு வேறு நிறம் காட்டும்.

அழைப்பிதழ் போல ஆஃப்செட்டில் அடிப்பதென்றால் பழுப்பு நான்கு மைகளில் பிரியும். ஏதேனும் ஒரு மை சற்று ஏறினாலும் முகம் பச்சையடிக்கும். சாம்பல் பகுதியைக் கறுப்பு மையே சுமக்கட்டும்: ‘எடிட் > கன்வர்ட் டு புரொஃபைல் > கஸ்டம் சிஎம்ஒய்கே’ போய் ஜிசிஆர் (வண்ண மைகளுக்குப் பதில் கறுப்பு மை வைக்கும் முறை), பிளாக் ஜெனரேஷன் ஹெவி, மொத்த மை 300 சதவீதம். இதைவிடப் பாதுகாப்பானது டுவோடோன்: கறுப்பு ஒன்று, தனியாகக் குழைத்த பழுப்பு மை ஒன்று, இரண்டே பிளேட். அச்சகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். டுவோடோன் மெனு மங்கித் தெரிந்தால் படத்தை 8 பிட் கிரேஸ்கேல் ஆக்கினால் திறக்கும்.

கேள்வி: ஓரங்களை இருட்டாக்கினால் சுவரில் வளையம் வளையமாகக் கோடு விழுகிறது.
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: 8 பிட் படத்தில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே 256 படிகள்தான். வெறும் சுவரில் இருட்டு மெல்ல ஏறும்போது பத்துப் பதினைந்து படிகள் பெரிய பரப்பில் இழுபட்டு, ஒவ்வொரு படியும் ஒரு கோடாகத் தெரிகிறது. தொடக்கத்திலேயே 16 பிட்டுக்கு மாறுவது இதற்காகத்தான். ஏற்கனவே கோடு விழுந்த ஃபைலைப் பிறகு 16 பிட் ஆக்கிப் பயனில்லை.

கடைசியில் 8 பிட்டுக்கு இறக்கும் முன் 1 அல்லது 2 சதவீதம் நாய்ஸ் சேர்த்தால் மிச்சக் கோடுகளும் உடையும். போட்டோஷாப்பில் ‘மோனோகுரோமேட்டிக்’ பெட்டியை டிக் செய்யுங்கள். கிம்ப்பின் ஆர்ஜிபி நாய்ஸில் ‘இன்டிபென்டன்ட் ஆர்ஜிபி’ டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பழுப்புப் படத்தில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் தெரியும். நாய்ஸ், ஓர இருட்டு இரண்டும் நிறமேற்றும் லேயருக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே போட்டால் பழுப்பின் மீது சாம்பல் தூசி படிந்த மாதிரி இருக்கும்.

இன்னொன்று: பழைய ஸ்டுடியோ உருவப்படங்கள் பலவற்றில் ஓரம் இருளாது, வெளுத்துத் தாளோடு மறையும். முட்டை வடிவில் செலக்‌ஷன் எடுத்து, 1500 பிக்சல் அகலப் படத்தில் 150 பிக்சல் அளவுக்கு ஃபெதர் (ஓரத்தை மென்மையாக்கல்) கொடுத்து, வெளிப்பக்கத்தை வெள்ளையால் நிரப்பிப் பாருங்கள். தனி ஆள் படத்துக்கு இது மிகவும் பொருந்தும்.

கேள்வி: கணினி இல்லை, கைபேசிதான். வழி உண்டா?
— ஒரு வாசகர், ராமநாதபுரம்

பதில்: ஸ்னாப்சீடே போதும். அதன் வின்டேஜ், ரெட்ரோலக்ஸ் ஃபில்டர்களைத் தாண்டிப் போங்கள். ‘பிளாக் அண்ட் ஒயிட்’ திறந்து நியூட்ரல் எடுங்கள். அதற்குள்ளேயே வண்ண வடிகட்டி இருக்கிறது: முகத்துக்கு ஆரஞ்சு, பழங்காலத் தோற்றத்துக்கு நீலம். அதை ஏற்றுக்கொண்டு ‘கர்வ்ஸ்’ போங்கள். சிவப்பின் நடுவைச் சிறிது மேலே, நீலத்தின் நடுவை அதைவிடச் சற்று அதிகமாகக் கீழே. பச்சையைத் தொட வேண்டாம்.

முடித்த படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கி, மெல்லிய பழுப்புகள் திட்டுத்திட்டாகும். டாகுமென்டாக அனுப்புங்கள்.